தூண் இங்கே, அடிமரம் அங்கே

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழம்பொருள் கடையொன்றின் வாசலில் ஒரு தேக்குத் தூண் படுத்துக் கிடந்தது. இரண்டு கைகளாலும் வளைத்துப் பார்த்தேன். விரல் நுனிகள் தொட்டும் தொடாமலும் நின்றன. ஆள் உட்கார்ந்து முதுகு சாயும் உயரத்தில் மட்டும் கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கேறி வழவழத்திருந்தது. எத்தனை பேர் சாய்ந்த இடமோ! முந்தின இரவு மழையில் நனைந்தும் ஒரு கீறல் விடவில்லை. "எந்த ஊர் வீடு?" என்றேன். பள்ளத்தூர்ப் பக்கம் என்றார் கடைக்காரர். "மரம்?" என்றேன். "பர்மா" என்றார், வேறெங்கிருந்து வரும் என்பதுபோல.

அந்தத் தூண் எனக்குள் கிளப்பிய, வளர்ச்சி இயற்கையை என்ன செய்கிறது என்ற கேள்விக்குப் பொருளியலில் ஒரு பிரபலமான பதில் உண்டு. 1991-இல் ஜீன் கிராஸ்மன், ஆலன் குரூகர் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள் பல நாட்டு நகரங்களின் காற்றை ஆராய்ந்தார்கள். வருமானம் ஏற ஏறக் கந்தகப் புகை முதலில் கூடுகிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு குறைகிறது என்று கண்டார்கள். கவிழ்த்த கிண்ணம் போன்ற இந்தக் கோட்டுக்கு, சைமன் குஸ்நெட்ஸ் என்ற முன்னோடியின் பெயர் பின்னாளில் ஒட்டிக்கொண்டது. முதலில் பணக்காரர் ஆவோம், சுத்தம் தானாக வரும் என்று வாதிடுகிறவர்கள் இன்றும் இதைத்தான் கையில் எடுக்கிறார்கள். நகரத்துப் புகைக்கு இது ஓரளவு பொருந்தும். காட்டுக்குப் பொருந்துமா? தன் காட்டைக் காப்பாற்றிக்கொண்ட பணக்கார ஊர், மரத்தையும் தானியத்தையும் வேறோர் ஊரிலிருந்து வரவழைக்கலாமே. செட்டிநாட்டில் நடந்தது அதுதான் என்பது என் எண்ணம்.

செட்டிநாடு வானம் பார்த்த பூமி. செம்மண்ணும் சரளையும். ஆண்டு முழுக்க ஓடும் ஆறு எதுவும் காரைக்குடியைத் தொட்டுப் போகவில்லை. அதனால் நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்களில் தண்ணீர்க் கணக்கு மிகக் கறார். ஓட்டுக் கூரை நாலாபுறமும் வளவு முற்றத்தை நோக்கிச் சரியும். மழை பெய்தால் மூலைத் தூம்புகளின் கீழே அண்டாக்களை வரிசையாக வைப்பார்கள். மிஞ்சிய நீர் முற்றத்து மடை வழியே வெளியேறி, தெருக் கால்வாயில் சேர்ந்து, ஊருணிக்குப் போகும். குடிநீர் ஊருணியில் குளிக்கக் கூடாது, துணி அலசக் கூடாது, மாடு இறங்கக் கூடாது. மேடு பள்ளம் பார்த்துத் தெருவை அமைத்தவர்களின் அறிவை, இன்று சாலைக்கு மேல் சாலை போட்டு வாசற்படியை மூழ்கடிக்கும் நாம் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு கருத்தாகக் கட்டிய வீட்டுக்கான பணம் வந்த வழி வேறு கதை.

1852-இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. அன்றைக்கு ஐராவதி ஆற்றின் கழிமுகம் சதுப்பும் காடும் கோரைப்புல்லும் நிறைந்த நிலம். சுந்தரவனத்தில் நிற்கும் அதே சுந்தரி மரம் அங்கேயும் அடர்ந்திருந்தது. பர்மியர் அதைக் கனாசோ என்பார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்களுக்கு ஐரோப்பா கிட்டே வந்தது, அரிசிக்கு விலை ஏறியது. மேல் பர்மாவிலிருந்து குடியானவர்கள் கோடரியோடு இறங்கினார்கள். காட்டை வெட்டி, எரித்து, வேர் பிடுங்கி, முதல் அறுவடை காணும்வரை அவர்களுக்குச் சோறு வேண்டும், மாடு வேண்டும், விதை வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் அந்தச் சேற்றில் கால் வைக்கவில்லை. கடன் கொடுத்தவர்கள் நம் நகரத்தார். காடு வெட்டிய நிலமே ஈடு. வட்டி வந்தால் அடுத்த துண்டு நிலத்துக்குக் கடன், அந்தத் துண்டும் ஈடு.

1850களின் நடுவில் கீழ் பர்மாவில் நெல் விளைந்தது சுமார் 10 லட்சம் ஏக்கரில். 1930களில் அது 80 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. 1930 வாக்கில் பர்மாவில் நகரத்தாரின் வட்டிக் கடைகள் ஏறக்குறைய 1,650. அவற்றின் மூலதனம் 75 கோடி ரூபாய் என்று அன்றைய வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. உலகிலேயே மிக அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாக பர்மா ஆனது. அந்த அரிசி வயிறுகளை நிரப்பியது, அதை மறுக்க முடியாது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நம் சனம் பொங்கிய சோற்றிலும் ரங்கூன் அரிசி இருந்தது.

தேக்கின் கதை கொஞ்சம் வேறு. பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கிவிடும். அதனால் நிற்கும் மரத்தின் அடியில் பட்டையையும் வெளிக்கட்டையையும் வளையமாக வெட்டிவிடுவார்கள். இரண்டு மூன்று வருஷம் நின்றபடியே மரம் செத்துக் காயும். பிறகுதான் வீழ்த்தல். யானை ஓடைக்கு இழுத்து வரும், மழைவெள்ளம் ஆற்றுக்குத் தள்ளும், தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்கு ஓட்டி வருவார்கள். அந்தத் தேக்குக்குக் காவல் இருந்தது. 1856-இலேயே டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியரைக் கீழ் பர்மாவின் பெகு காடுகளுக்குப் பொறுப்பாக்கி, எந்த மரத்தை எப்போது வெட்டலாம் என்று விதி வகுத்தது ஆங்கிலேய அரசு. கப்பல் கட்டவும் கருவூலத்துக்கும் தேக்கு வேண்டியிருந்தது. கனாசோவுக்கு அந்த யோகம் இல்லை. அது நின்ற இடம் அரசுப் பதிவேட்டில் வெறும் தரிசு.

நகரத்தார் கணக்கில் ஐந்தொகை என்று ஒன்று உண்டு. கடல் கடந்த கடையின் வரவு, பற்று, இருப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஊருக்கு அனுப்பும் கணக்கு. ஒரு காசு தவறாது. மூன்று ஆண்டுத் தவணைக்குப் போன ஏஜெண்டு அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவ்வளவு துல்லியமான கணக்கிலும் வெட்டிய காட்டுக்குப் பற்று எழுத இடம் இல்லை. இது செட்டியார்களின் குறை மட்டும் அல்ல. லண்டன் கம்பெனிக்கும் ரங்கூன் அரிசி ஆலைக்கும் அந்தப் பத்தி கிடையாது. வியாபாரத்தில் சேராத ஒருவர் தலையில் விழும் செலவைப் பொருளியலில் புறவிளைவு என்பார்கள். வாங்கியவரும் விற்றவரும் கடன் கொடுத்தவரும் கைகுலுக்கிப் பிரிந்த பிறகு, மூன்றாவது ஆள் கட்டும் வட்டி அது.

1930-இல் உலக மந்தம் வந்து நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. வட்டி கட்ட முடியாத குடியானவர்களின் நிலம், வேண்டாமலே செட்டியார்கள் கைக்கு வந்தது. பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீதம் வைத்திருந்தவர்கள், 1937-இல் கால் பங்குக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். காட்டை வெட்டியவனுக்கு நிலமும் மிஞ்சவில்லை. பிறகு 1942-இல் ஜப்பான் படை, நடந்தே திரும்பியவர்களின் துயரம், 1948-இல் நில தேசியமயச் சட்டம். இவை நம் வீடுகளில் இன்றும் சொல்லப்படும் கதைகள். காட்டின் கதையைத்தான் யாரும் சொல்வதில்லை.

2008 மே 2 இரவு நர்கிஸ் புயல் அந்தக் கழிமுகத்தில் ஏறியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,38,000 பேர். அலையை மட்டுப்படுத்தும் அலையாத்திக் காடு அழிந்திருந்தது சேதத்தைப் பெருக்கியது என்று அப்போதே பலர் சுட்டிக்காட்டினார்கள். இதை நம் தாத்தாக்கள் தலையில் முழுக்கப் போடுவது நியாயம் ஆகாது. கடலோர அலையாத்திகளில் பெரும்பகுதி அவர்கள் திரும்பிய பிறகு அடுப்புக்கரிக்கும் நெல்லுக்கும் இறால் பண்ணைக்கும் போனது. ஆனால் கழிமுகம் என்றால் வெட்டி விற்க வேண்டிய நிலம் என்ற வழக்கம், ஈட்டுப் பத்திரக் காலத்தில் தொடங்கியதுதான்.

இப்போது காற்று திசை மாறி அடிக்கிறது. புதுக்கோட்டையிலும் சிவகங்கையிலும் மேட்டு நிலங்களில் காகித ஆலைகளுக்காகத் தைல மரம் நிற்கிறது. தோட்டத்துக்குள் வரப்பு வெட்டி மழைநீரை அங்கேயே நிறுத்திவிடுவதால் வரத்துக்கால் காய்ந்து கண்மாய்க்கு நீர் சேரவில்லை என்பது விவசாயிகள் நெடுநாளாகச் சொல்லும் குறை. சிவகங்கைக்குப் பக்கத்தில் டாமின் என்ற தமிழக அரசுக் கனிம நிறுவனம் கிராபைட் வெட்டுகிறது. மின்சாரக் காரின் பேட்டரியில் லித்தியத்தைவிட அதிக எடைக்கு இருப்பது கிராபைட்தான். 2023-இல் மத்திய அரசு அறிவித்த 30 முக்கியக் கனிமங்களில் அதுவும் ஒன்று. பேட்டரி ஆய்வு நடக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமோ காரைக்குடியிலேயே, அழகப்பச் செட்டியார் தந்த 300 ஏக்கரில் இருக்கிறது. எங்கோ ஒரு நகரத்தின் காற்று சுத்தமாவதற்கு இங்கே குழி ஆழமாகலாம். அன்று கழிமுகம் நின்ற இடத்தில் இன்று நாம் நிற்கிறோம்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலையும் வேண்டும், பேட்டரியும் வேண்டும். ஆனால் எந்த வரத்துக்கால் எந்தக் கண்மாய்க்குப் போகிறது, எந்தக் கலிங்கு வழிந்தால் எந்த ஊருணி நிறையும் என்பதை அந்த ஊர்ப் பெரியவர்கள் விரல் விட்டு எண்ணிச் சொல்வார்கள். சுரங்கத்தை அகலமாக்கும் முன், கடப்பாரையோடு போகிறவர்கள் ஒரு நாள் கண்மாய்க்கரையில் அவர்களோடு உட்கார்ந்து அதை எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.