மைனஸ் குளிரில் பைக் சவாரி: இதெல்லாம் தெரியுமா?

ஜெர்மனியின் பவேரியக் காட்டில், எலும்பை நடுக்கும் குளிரில், வருடா வருடம் யானைகள் கூடுகின்றன. தெரியுமா? தும்பிக்கை இல்லாத யானைகள். ஹேண்டில்பாரும் சைலன்சரும் வைத்த யானைகள்! 'எலெஃபான்டென்ட்ரெஃபென்', அதாவது யானைச் சந்திப்பு என்று இதற்குப் பெயர். ஐரோப்பாவின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் பைக்கிலேயே வந்து, பனி மூடிய பள்ளத்தாக்கில் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள்.

யானை எங்கிருந்து வந்தது? 1950-களில் ஜெர்மனியின் ட்சுன்டாப் கம்பெனி கேஎஸ் 601 என்று ஒரு பைக்கை விற்றது. முரட்டு உடம்பு, சைடுகாரை அநாயாசமாக இழுக்கும் பலம், பச்சை பெயிண்ட். ரசிகர்கள் அதற்குப் 'பச்சை யானை' என்று செல்லப் பெயர் வைத்துவிட்டார்கள். எர்ன்ஸ்ட் லெவர்குஸ் என்ற மோட்டார் பத்திரிகையாளர் 1956-இல் இந்தப் பச்சை யானைக்காரர்களை ஷ்டுட்கார்ட் பக்கத்திலுள்ள சோலிடூடுக்கு வரச் சொன்னார். அதுவும் கொட்டும் குளிர்காலத்தில்! வந்தார்களே! 1984-இல் ட்சுன்டாப் கம்பெனி திவாலாகிவிட்டது. சந்திப்பு மட்டும் நிற்கவில்லை. 1989 முதல் சொல்லா என்ற சிற்றூரை ஒட்டிய பள்ளத்தாக்கில் நடக்கிறது. அந்த இடத்துக்குச் 'சூனியக்காரியின் கொப்பரை' என்று பெயர்! பனியை வழித்து ஒதுக்கி, வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி, அதன் மேல் கூடாரம் அடிக்கிறார்கள். விறகு? அது சைடுகாரில் வரும்.

சரி, பைக்கில் போகும்போது குளிர் ஏன் இத்தனை கொடுமையாக இருக்கிறது? உடம்பைச் சுற்றி நம் சூட்டிலேயே வெதுவெதுப்பாகும் மெல்லிய காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. வேகமாகப் போனால் எதிர்க்காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். வெளியே 5 டிகிரி செல்சியஸ் என்று வையுங்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓட்டினால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 3 டிகிரி போல உறைக்கும்! இந்தக் கணக்குக்கு அடிப்படை போட்டவர்கள் பால் சிப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இருவர். அண்டார்டிகாவில் ஒரு பிளாஸ்டிக் உருளையில் தண்ணீர் ஊற்றி, எந்தக் காற்றில் எத்தனை வேகமாக உறைகிறது என்று உட்கார்ந்து பார்த்தார்கள். ஆனால் இந்த மைனஸ் 3 உயிருள்ள தோலுக்கு மட்டும்தான். உங்கள் பெட்ரோல் டேங்க் எவ்வளவு வேகமாகப் போனாலும் காற்றின் 5 டிகிரிக்குக் கீழே இறங்காது!

விரல்கள் செய்யும் வேலை இன்னும் வேடிக்கை. குளிர் ஏறியதும் உடம்பு கஞ்சனாகிவிடுகிறது. இதயம், நுரையீரல் பக்கம் சூட்டைச் சேர்த்துவைத்துக்கொண்டு, விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். ஆக, கை விறைத்தால் கையுறையை மட்டும் திட்டிப் பயனில்லை; குற்றவாளி பெரும்பாலும் நெஞ்சுப் பக்கம் காற்றை உள்ளே விடும் ஜெர்கின்! மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1930-இல் இன்னொரு விந்தையை எழுதினார். ஐஸ் தண்ணீரில் விரலை வைத்தால் ரத்தக் குழாய் முதலில் இறுகுகிறது, சில நிமிடங்களில் தானாகத் திறந்து விரல் கொஞ்சம் சூடாகிறது, மறுபடி இறுகுகிறது. விரல் போய்விடாமல் காக்க உடம்பே கண்டுபிடித்த தந்திரமாக இருக்கலாம்.

பழைய கார்புரேட்டர் பைக்குகளின் கூத்து தெரியுமா? கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிவிடும். காற்றில் ஈரம் இருந்தால், வெளியே 10 டிகிரி இருக்கும்போதுகூட அதன் தொண்டையில் ஐஸ் கட்டும்! இன்ஜின் இருமும், திணறும், நின்றுவிடும். ஓரம் கட்டிப் பத்து நிமிடம் நின்றால் இன்ஜின் சூட்டில் ஐஸ் உருகி, ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக் வந்து பார்த்தால் தடயமே இருக்காது!

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது ஐஸ் ஸ்பீடுவே. உறைந்த வட்டத் தடத்தில் ஒரே நேரத்தில் நான்கு பேர், நான்கு சுற்று. டயர் முழுக்க ஏறக்குறைய 3 செ.மீ. நீள இரும்பு முட்கள். பிரேக்? அப்படி ஒன்று பைக்கிலேயே கிடையாது! வளைவில் இடது ஹேண்டில்பார் பனியை உரசும் அளவுக்குப் படுக்கிறார்கள். இடது முழங்கால் பனியில் தேய்ந்துகொண்டே போவதால் அங்கே பழைய டயர்த் துண்டைக் கட்டிக்கொள்கிறார்கள். முதல் உலகப் பட்டம் 1966-இல்; வென்றவர் சோவியத் வீரர் கப்த்ரக்மான் கதீரோவ். மொத்தம் ஆறு முறை அவரே சாம்பியன்! யார் என்ன சொன்னாலும், பிரேக் இல்லாத பைக்கில் ஏறுபவரை வீரர் என்று சொல்ல எனக்கு வாய் வருகிறது. நிதானமானவர் என்று சொல்ல வரவில்லை.

இன்னும் இருக்கிறது! ஜப்பானியர் ஷின்ஜி கசாமா 1987-இல் வட துருவத்துக்கும் 1992-இல் தென் துருவத்துக்கும் மோட்டார் சைக்கிளிலேயே போய்ச் சேர்ந்தார். லித்துவேனியாவின் கரோலிஸ் மியெலியவுஸ்காஸ் 2019-இல் சைபீரியாவின் யாகுட்ஸ்கிலிருந்து ஒய்மியாகோனுக்குச் சுமார் 1,000 கிலோமீட்டர் பைக் ஓட்டினார். மைனஸ் 50 டிகிரி வாட்டும் சாலை அது!

நம்மூரில் இந்தக் குளிரின் குட்டி வடிவம் வேண்டுமென்றால் ஊட்டிதான். மேட்டுப்பாளையத்தில் டி-ஷர்ட்டோடு கிளம்பி, ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம் ஏறியதும், ஜனவரி விடியலில் புல்வெளியெல்லாம் வெள்ளைவெளேரென்று உறைபனி! சாலையோர நிழலில் ஈரம் மினுங்கினால் பிரேக்கைத் தொடாமல், வண்டியைச் சாய்க்காமல், மெதுவாகக் கடந்துவிடுங்கள். குளிரில் ரப்பர் விறைத்துப் பிடிமானம் குறைந்திருக்கும். ஜெர்கின் மெல்லியதாக இருந்தால் ஒரு டீக்கடையில் பழைய செய்தித்தாள் இரண்டு வாங்கி, ஜிப்பைத் திறந்து நெஞ்சில் விரித்து மூடிக்கொள்ளுங்கள். காகித மடிப்புகளுக்கு நடுவே சிக்கிய காற்று குளிரைத் தடுக்கும். ஐரோப்பியக் கிழட்டு ரைடர்கள் எத்தனையோ குளிரை இப்படித்தான் ஓட்டியிருக்கிறார்கள். செலவு, ஒரு டீ காசுகூட ஆகாது.