தேடிய வலிமையைக் காத்தல்

எம்மிடம் கற்ற கிளிநொச்சி இளைஞர் ஒருவர் அண்மையில் எம்மைக் காண வந்தார். தோள்கள் திரண்டிருந்தன, முகத்திலோ களைப்பு. நாள்தோறும் இருவேளை பாரந் தூக்குகிறார். உறக்கமில்லை, தோள்மூட்டில் ஓயாத வலி. வீட்டாருடன் அமர்ந்து உண்டு மாதங்களாயின. “சேர், குறைத்தால் பட்ட பாடெல்லாம் வீணாகாதோ?” என வினவினார்.

இங்கிலாந்தின் டோரியன் யேற்ஸ் 1992 முதல் 1997 வரை ஆறு முறை ‘மிஸ்டர் ஒலிம்பியா’ பட்டம் வென்றவர். இறுதிப் போட்டிக்குச் சில வாரங்களின் முன் அவரது மேற்கைத் தசை கிழிந்தது. வென்றபின் போட்டிகளினின்றும் விலகினார். பின்னாளில் யோகாசனமும் சைக்கிளோட்டமும் கைக்கொண்டார். அவர் புகழ் குன்றவில்லை.

தசை வளர்வது ஓய்விலேதான். வளர்த்த வலிமையைக் காப்பதற்கோ, வளர்க்கும்போது செய்ததிலும் குறைந்த பயிற்சியே போதும். வாரத்தில் இரண்டு நாளேனும் தசைப்பயிற்சியும், 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பும் வேண்டுமென்பதே உலக சுகாதார நிறுவனம் 2020இல் வளர்ந்தோர்க்கு வகுத்த அளவு.

இவற்றை எடுத்துரைத்து, வலிக்கு மருத்துவரை நாடுமாறும் கூறினோம். இப்போது அவர் பாரந் தூக்குவது வாரத்தில் மூன்று நாட்களே. மற்றைய மாலைகளில் தந்தையாருடன் இரணைமடுக் குளக்கட்டில் நடக்கிறார். இரவில் தாயார் பரிமாற, எல்லோருடனும் அமர்ந்து உண்கிறார். உடல் வாழ்வுக்காகவே அன்றி, வாழ்வு உடலுக்காக அன்று.