அட்டை மெஷின் அடம்பிடித்தால்...

ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில் நடப்பதற்கே இடம் இருக்காது. அந்த நேரம் பார்த்து அட்டை மெஷின் ‘கனெக்‌ஷன் ஃபெயில்ட்’ என்று காட்டினால் என்ன ஆகும் என்பது கல்லாவில் நின்றவர்களுக்குத் தெரியும். வரிசை நகராது. ஒரு வாரத்துக்கான அரிசி, பருப்பு, மசாலையை எடுத்து வைத்த வெளிநாட்டு ஊழியர், கையில் ரொக்கம் இல்லாததால் பையை அப்படியே விட்டுவிட்டு ஏடிஎம் தேடிப் போவார். சிலர் திரும்பி வருவார்கள். சிலர் வரமாட்டார்கள்.

வார இறுதியில் ஒரு மளிகைக் கடையில் பகுதிநேரமாக வேலை செய்யும் பல்கலைக்கழக மாணவி நான். எந்த வங்கி கொடுத்த மெஷினாக இருந்தாலும் எங்கள் கடையில் அதன் பெயர் ‘நெட்ஸ் மெஷின்’தான். 1985இல் தொடங்கப்பட்ட நெட்ஸ் அந்த அளவுக்கு நம் வாயில் ஊறிவிட்டது. மெஷின் நின்றுவிட்டால் பெரியவர்கள் செய்வது இரண்டே காரியம். ஒன்று, அணைத்துப் போடுவார்கள். இல்லையென்றால், “இது என்னம்மா சொல்லுது, பார்” என்று என்னைக் கூப்பிடுவார்கள். முப்பது ஆண்டுகளாகக் கடை நடத்தும் அங்கிளுக்கு வியாபாரம் தெரியாமலா இருக்கும்? மெஷின் பேசுவது ஆங்கிலத்தில், அதுவும் அரைகுறை ஆங்கிலத்தில். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பெற்றோர் கடை வைத்திருக்கும் நண்பர்கள் பலருக்கும் இதே வேலைதான். ஆகவே, உதவி எண்ணை அழைத்து இசை கேட்டுக்கொண்டு நிற்பதற்கு முன்பு நாமே சரிசெய்யக்கூடியவற்றை எழுதி வைக்கிறேன். எதைத் தொடவே கூடாது என்பதையும் சேர்த்துத்தான்.

முதலில் ஒரு கேள்வி

இந்த ஒரு அட்டைக்கு மட்டும் வேலை செய்யவில்லையா, எல்லா அட்டைக்குமா? இதைக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

காரணம் எளிது. வாடிக்கையாளர் அட்டையைக் காட்டியதும் மெஷின் விவரத்தைப் பூட்டி, கடைக்காரரின் வங்கிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அது அட்டைக் கட்டமைப்பு வழியாக அட்டையைக் கொடுத்த வங்கிக்குப் போகிறது. ‘சரி’ அல்லது ‘முடியாது’ என்ற பதில் அதே வழியில் திரும்பி வருகிறது. எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும். ஒரு அட்டை மட்டும் மறுக்கப்பட்டால் கோளாறு அந்த அட்டையிலோ அதன் வங்கியிலோ இருக்கும். மெஷினை அணைத்துப் போடுவதில் பயனில்லை. எல்லா அட்டையும் மறுக்கப்பட்டால்தான் மெஷினையும் இணையத்தையும் பார்க்க வேண்டும்.

இணையம்தான் பெரும்பாலும் காரணம் என்பது என் அனுபவம். திரையின் மேல் மூலையில் சிக்னல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். சிம் அட்டை போட்ட மெஷின் என்றால் அதை வாசல் பக்கம் இரண்டடி நகர்த்துவதே சில வேளைகளில் போதும். இரும்பு அலமாரிக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் நடுவில் சொருகி வைத்த மெஷினுக்கு சிக்னல் எப்படி வரும்? வைஃபை மெஷின் என்றால், அதே வைஃபையில் உங்கள் கைப்பேசியை இணைத்து ஓர் இணையப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். கைப்பேசியிலும் வரவில்லை என்றால் மெஷின் மீது பழியில்லை. ரௌட்டரின் மின்சாரத்தைத் துண்டித்து, அரை நிமிடம் கழித்து மறுபடி கொடுங்கள். ரௌட்டர் முழுதாக எழுந்த பிறகு மெஷினையும் அணைத்துப் போடுங்கள். இந்த வரிசை முக்கியம்.

வீட்டில் யாராவது புது ரௌட்டர் வாங்கி மாட்டினாலோ வைஃபை மறைச்சொல்லை மாற்றினாலோ மெஷினுக்கு அது தெரியாது. கையால்தான் சொல்லித்தர வேண்டும். சில மெஷின்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே புரியும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயரை அவற்றின் பட்டியலில் எவ்வளவு தேடினாலும் வராது. உள்நுழைவுப் பக்கம் கேட்கும் பொது வைஃபை இதற்கு உதவாது. அவசரத்துக்கு உங்கள் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் போதும். சிங்கப்பூரில் 3ஜி சேவை 2024இல் நிறுத்தப்பட்டது. அதை மட்டுமே நம்பியிருந்த பழைய மெஷின் எங்காவது அலமாரியில் கிடந்தால் அதை உயிர்ப்பிக்க முயல வேண்டாம். மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று. பல மெஷின்கள் பாதுகாப்புக்காக நாளுக்கு ஒருமுறை தாமாகவே அணைந்து மீண்டும் எழும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அது கடை நேரத்தில் நடந்தால் அந்த நேரத்தை மாற்ற முடியுமா என்று நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள்.

எண்ணெய், காகிதம், உறை

அட்டையைச் செருகினால் படிக்கவில்லை, காட்டினால் படிக்கிறது என்றால் சில்லு தொடும் இடத்தில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். நம் கடைகளில் மஞ்சள்தூளும் எண்ணெய்க் கையும் சகஜம். அட்டையின் பொன்னிறச் சில்லை உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். மெஷினின் துவாரத்துக்கென்றே துப்புரவு அட்டைகள் விற்கிறார்கள். அதைச் செருகி எடுத்தால் போதும். ஈரத்துணி, குச்சி, மடித்த ரூபாய் நோட்டு எல்லாம் வேண்டாம். (கடைசியாகச் சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.)

செருகினால் சரி, காட்டினால் படிக்கவில்லை என்றால் பெரும்பாலும் இடம் தவறியிருக்கும். மேலே காட்டும் அட்டை சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் இருந்தால்தான் வேலை செய்யும். அலைவாங்கி சில மெஷின்களில் திரைக்கு அடியில் இருக்கும், சிலவற்றில் தலைப்பகுதியில் இருக்கும். வளைந்த அலைக்கோடுகள் போட்ட குறி இருக்கும் இடம்தான் சரியான இடம். அந்தக் குறியின் மேலேயே ‘மாற்றம் இல்லை, சில்லறை தரவும்’ என்று ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கும் கடைகளும் உண்டு. வாடிக்கையாளர் பணப்பையோடு காட்டினால் உள்ளே இருக்கும் மூன்று அட்டைகளும் ஒரே நேரத்தில் பதில் சொல்லப் பார்க்கும். ஒன்றை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். ‘பீப்’ ஒலி வரும்வரை அட்டையை அசைக்காமல் பிடிக்க வேண்டும். பேருந்தில் தட்டுவதுபோல் தட்டிவிட்டு எடுத்தால் போதாது.

ரசீது வெள்ளையாக வந்தால் மை தீர்ந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். இந்த மெஷினில் மையே கிடையாது. காகிதத்தின் ஒரு பக்கத்தில் பூசியிருக்கும் வேதிப்பொருள் சூடு பட்டால் கறுக்கும், அவ்வளவுதான். காகிதச் சுருளைத் தலைகீழாகப் போட்டால் வெள்ளையாகத்தான் வரும். நகத்தால் கீறிப் பாருங்கள். எந்தப் பக்கம் கறுப்புக் கோடு விழுகிறதோ அந்தப் பக்கம் அச்சுத்தலையைப் பார்த்து இருக்க வேண்டும். காகிதம் இருந்தும் ‘நோ பேப்பர்’ என்றால் மூடியின் இரு ஓரங்களையும் அழுத்தி மூடுங்கள். வெயிலில் விட்ட ரசீது கறுத்தும், நாளான ரசீது மங்கியும் போகும். கணக்குக்கு வேண்டிய ரசீதுகளை உடனே படமெடுத்து வையுங்கள்.

மெஷினின் முதுகு உப்பியிருந்தால் மின்கலம் வீங்குகிறது என்று பொருள். அழுத்திச் சரிசெய்யக் கூடாது, மின்னேற்றவும் கூடாது. மாற்றச் சொல்லுங்கள்.

‘ஹானர்’ என்றால் மரியாதையா?

மறுக்கப்பட்ட அட்டைக்கு மெஷின் ஒரு சொற்றொடரோ இரண்டு இலக்க எண்ணோ காட்டும். உலக அளவில் வழக்கிலுள்ள ஐஎஸ்ஓ 8583 தரநிலையை ஒட்டிய எண்கள் இவை. 51 என்றால் கணக்கில் போதிய பணமில்லை. 54, அட்டை காலாவதியானது. 55, ரகசிய எண் தவறு. 91, அட்டை கொடுத்த வங்கியின் கணினி பதில் சொல்லவில்லை. இதற்குச் சற்றுப் பொறுத்து மறுபடி முயலலாம். 05க்கு ‘டூ நாட் ஹானர்’ என்று வரும். எங்கள் கடையில் ஒருவர் அதை மரியாதைக்குறைவு என்றே நினைத்திருந்தார். வங்கி காரணம் சொல்லாமல் மறுத்துவிட்டது என்பதுதான் பொருள். எல்லா நிறுவனமும் ஒரே எண்களைக் காட்டுவதில்லை. உங்கள் மெஷினுக்கான பட்டியலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

51 வந்தால் என்ன செய்வது? நான் திரையைச் சற்றுத் திருப்பிக்கொண்டு, “அண்ணே, இந்த அட்டை எடுக்கலை, வேற அட்டை இருக்கா?” என்று மட்டும் கேட்பேன். “காசு இல்லையாம்” என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி சொல்லும் கடைகள் இருக்கின்றன. சம்பளம் இன்னும் ஏறாத ஒரு மனிதரை இருபது பேர் திரும்பிப் பார்ப்பது மெஷின் கோளாறைவிட மோசம்.

பணம் போச்சா, போகலையா?

கோளாறுகளிலேயே கவனம் அதிகம் தேவைப்படுவது, பாதியில் தொடர்பு அறுவது. ரசீது வரவில்லை. ஆனால் வாடிக்கையாளரின் கைப்பேசியில் பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. அவசரத்தில் மறுபடி அட்டையைக் காட்டச் சொன்னால் இருமுறை பணம் போகலாம்.

இங்கே ஒரு நிமிடம் வரிசையைக் காக்க வைப்பதில் தவறில்லை. மெஷினின் பட்டியலில் கடைசிப் பரிவர்த்தனையைத் திறந்து பாருங்கள், அல்லது கடைசி ரசீதை மறுபடி அச்சிடுங்கள். அங்கே ‘அப்ரூவ்ட்’ என்று இருந்தால் பணம் வந்துவிட்டது, பையைக் கொடுத்து அனுப்பலாம். இல்லையென்றால் குறுஞ்செய்தி மட்டும் போதாது. பதில் வராமல் அறுந்த பரிவர்த்தனையை ரத்துசெய்யும் தகவலை, தொடர்பு திரும்பியதும் மெஷினே அனுப்பும். வாடிக்கையாளர் கணக்கில் அது திரும்பச் சில நாள் ஆகலாம். நேரத்தையும் தொகையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அவருக்கு வங்கியிடம் பேச வசதியாக இருக்கும்.

மெஷின் முழுதாகப் படுத்துவிட்டால் எஸ்ஜி கியூஆர் ஒட்டுத்தாள் கைகொடுக்கும். 2018இல் அறிமுகமான அது வாடிக்கையாளரின் இணையத்தில் வேலை செய்வதால் கடை வைஃபை தேவையில்லை. ஆனால் பணம் வந்ததை உங்கள் செயலியில் பாருங்கள். அவர் நீட்டும் திரைப்படம் சான்றாகாது.

தொடக்கூடாதவை

யூடியூப் பார்த்துத் திருகாணி கழற்றுவதில் எனக்கும் ஆசை உண்டு. இந்த மெஷினில் அது நடக்காது. உறையைத் திறந்தாலே உள்ளிருக்கும் ரகசியக் குறியீடுகள் அழிந்துபோகும்படிதான் செய்திருக்கிறார்கள். அதன் பிறகு அது காகிதம் பறக்காமல் வைக்கும் கல். அதேபோல், நாள்முடிவுக் கணக்கை வங்கிக்கு அனுப்பும் ‘செட்டில்மென்ட்’ முடியாதபோது, பட்டியலை அழிக்கும் ‘கிளியர் பேட்ச்’சைத் தொடாதீர்கள். அன்றைய வரவு அதற்குள் இருக்கலாம். உதவி எண்ணை அழைப்பதுதான் சரி.

யாராவது தொலைபேசியில் அழைத்து, மெஷினைப் புதுப்பிக்க மறைச்சொல்லைக் கேட்டால் சொல்லாதீர்கள். அழைக்காமலே ‘டெக்னீஷியன்’ வந்து மெஷினை மாற்றித் தருகிறேன் என்றால், ஒப்பந்தத் தாளில் இருக்கும் எண்ணை நீங்களே அழைத்து உறுதிசெய்யுங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்கேம்‌ஷீல்டு எண் 1799.

உதவி எண்ணை அழைத்தால் முதலில் கேட்பது மெஷினின் அடையாள எண்ணையும் கடையின் வணிகர் எண்ணையும்தான். இரண்டும் பழைய ரசீது ஒன்றின் தலைப்பில் இருக்கும். நான் அவற்றைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். கீழே 51, 54, 55, 91, அவற்றின் பொருள். அதற்கும் கீழே சிவப்பு மையில், ‘மறுபடி தட்டுமுன் பட்டியலைப் பார்’.