குருத்வாராவில் எல்லாருக்கும் ஒரே பந்தி

குருத்வாராவுக்கு யார் சென்றாலும் இலவச உணவு உண்டு. 'லங்கர்' எனப்படும் இந்த வழக்கத்தைத் தொடங்கியவர் சீக்கிய சமயத்தின் முதல் குருவான குரு நானக் (1469-1539).

சாதி பார்த்துத் தனித்தனியே உண்ட காலம் அது. லங்கரிலோ அனைவரும் தரையில் ஒரே வரிசையில் அமர வேண்டும். மூன்றாம் குருவான அமர்தாஸ், தம்மைக் காண வருவோர் முதலில் பந்தியில் உண்ண வேண்டும் என்று விதித்தார். பேரரசர் அக்பரும் அவ்வாறே உண்டதாகச் சீக்கிய மரபு கூறுகிறது.

இரண்டாம் குரு அங்கதின் துணைவியார் மாதா கீவி, லங்கரை முன்னின்று நடத்தினார். அவர் பரிமாறிய நெய்ப் பாயசத்தைச் சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிப் போற்றுகிறது.

காய்கறி நறுக்குவது, சப்பாத்தி சுடுவது, பாத்திரம் கழுவுவது எல்லாமே 'சேவா' எனும் தொண்டுதான். எந்தச் சமயத்தவரும் தயங்காமல் உண்ண, சைவ உணவே சமைக்கப்படுகிறது.

சிங்கப்பூரின் சிலாட் ரோடு குருத்வாராவிலும் இதே வழக்கம்தான். செல்வோர் காலணிகளைக் கழற்றிவிட்டு, தலையைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். சப்பாத்தியை இரு கைகளாலும் பெற்றுக்கொள்வது மரபு. தேவையான அளவு மட்டும் கேட்டு வாங்கி, வீணாக்காமல் உண்ண வேண்டும்.