காலத்தைச் சுருக்கிக் காட்டும் படங்கள்

முளைத்த பயற்றை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். பயறு முளைப்பதைக் கண்டவர் எவருமிலர். கண்ணுக்குப் புலப்படாத அவ்வசைவை, இடைவெளி விட்டெடுத்த நிழற்படங்களைக் கணினியிற் கோத்துப் புலப்படுத்தலாம். முறை புதிதன்று. இங்கிலாந்திலே பேர்சி சிமித் என்பார் மலர்கள் விரிவதை இவ்வாறே படமாக்கி 1910 ஆம் ஆண்டில் திரையிற் காட்டினார். இன்று ஒரு கமராவும் இலவசமாய்க் கிடைக்கும் தொகுப்பு மென்பொருளும் போதும்.

முதலிற் செய்யவேண்டியது கணக்கு. திரையில் ஒரு செக்கனுக்கு 24 படங்கள் ஓடுமாயின், 12 செக்கன் காட்சிக்கு 288 படங்கள் வேண்டும். ஊறவைத்த பயற்றை 48 மணித்தியாலம் படமெடுப்பதாயின் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கவேண்டும். முகில்களுக்கோ ஐந்து செக்கனுக்கு ஒன்று தேவை. இடைவெளி அதிகமாகிவிட்டால், விடுபட்டதை ஊகித்து இடைப்படங்களை நிரப்பும் மென்பொருள்களும் உள. ஆயின் அவை காட்டுவது பயறு செய்ததன்று, கணினி எண்ணியதே. தாவரவியல் மாணவர் இதனை மறத்தலாகாது.

எனது முதல் முயற்சி பாழாயிற்று. கமராவைத் தானியங்கு நிலையில் விட்டதனால் ஒளியளவு படத்துக்குப் படம் வேறுபட்டு, காட்சி முழுதும் காற்றில் ஆடும் சுடர்போலத் துடித்தது. சன்னலை அடைத்து, ஒரே மின்விளக்கின் கீழ், துவாரம், ஒளிபடும் நேரம், குவியம், நிறச்சமநிலை என்பனவற்றைக் கையால் நிலைப்படுத்திய பின்னரே சீர்பெற்றது. மின்கலம் இரண்டு நாளுக்குத் தாங்காது, மின்னிணைப்பு வேண்டும். பூனை வளர்ப்போர் அறையைப் பூட்டுவது நன்று.

தொகுத்தற்கு நான் பயன்படுத்துவது டாவின்சி றிசோல்வ். செக்கனுக்கு எத்தனை படம் என்பதை முதலிலேயே அதிற் குறித்துவிடவேண்டும். காட்சியை அடுக்கத் தொடங்கிய பின் மாற்ற இயலாது. தொடரிலக்கமுள்ள படங்களை அது ஒரே காட்சியாக ஏற்றுக்கொள்ளும். இடையில் ஒன்றை அழித்தாலோ தொடர் இரண்டாக முறியும்; ஆதலின் எல்லாவற்றுக்கும் புதிதாக இலக்கமிட்டுக்கொள்க.

படத்தின் அகலம் 6000 புள்ளிகளாகவும் திரையின் அகலம் 1920 ஆகவும் இருப்பின், தெளிவு குன்றாமல் மும்மடங்குவரை அண்மையிற் செல்லலாம். இரண்டாம் முயற்சியில், வெண்மையான வேர் பச்சைத் தோலைக் கிழித்து வெளிவந்த இடத்தை அவ்வாறே திரை நிறையக் கண்டேன்.