உயில் எழுத வெள்ளைத்தாள் போதும்!

உயில் என்றால் பணக்காரர்கள் காரியம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே வீடு உள்ள குடும்பத்துக்குத்தான் அது மிகவும் தேவை.

இந்துக் குடும்பத் தலைவர் ஒருவர் உயில் எழுதாமல் காலமானால் என்ன ஆகும்? 1956-ம் ஆண்டு இந்து வாரிசு உரிமைச் சட்டப்படி, அவர் சம்பாதித்த வீட்டில் மனைவி, மகன்கள், மகள்கள், அவரைப் பெற்ற தாய் எல்லோருக்கும் சமபங்கு. 3 பிள்ளைகளும் தாயும் இருந்தால் மனைவிக்கு 5-ல் 1 பங்குதான். பிள்ளைகள் பங்கு கேட்டால், அவள் குடியிருக்கும் வீடே விலை போய்விடும்.

"என் மனைவி ஆயுள் வரை அனுபவிக்க வேண்டும், பிறகு பிள்ளைகளுக்கு" என்று எழுதி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

எழுதுவது எப்படி?

முத்திரைத்தாள் தேவை இல்லை. எழுதியவர் கையெழுத்துப் போடவேண்டும்; அல்லது கைநாட்டு வைக்கலாம். அதைப் பார்த்த 2 பேர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். சொத்து பெறுகிறவர் சாட்சியாக இல்லாதிருப்பது நல்லது.

பதிவு செய்வது கட்டாயம் அல்ல. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால், பின்னால் வழக்கு வந்தால் கைகொடுக்கும்.

மனம் மாறினால்?

நல்ல நினைவோடு இருக்கும் வரை மாற்றி எழுதலாம். கடைசி உயிலே செல்லும்.

உயில் இருக்கும் இடம் வீட்டில் ஒருவருக்காவது தெரியவேண்டும். யாருக்கும் தெரியாமல் பெட்டிக்குள் கிடக்கும் உயிலால் பயன் இல்லை.