ஊர் மாறிய குழந்தையும் ஊசி அட்டையும்

வேற்றுமொழி வழங்கும் நாட்டைப் பழந்தமிழர் 'மொழிபெயர் தேயம்' என்றார்கள். 1978 இல் வந்தவாசிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்து ஒரு பாத்திரக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்த எனக்கு, அந்தச் சொல்லின் பொருள் முதல் வாரமே விளங்கிவிட்டது. ஆனால் மொழி மாறுவது ஒரு கைக்குழந்தையின் உடம்பையும் தொடும் என்பதை 2022 நவம்பரில்தான் கண்ணால் பார்த்தேன். நான் மருத்துவன் அல்லன். கடை மூடிய பிறகு புத்தகம் புரட்டும் வியாபாரி. பார்த்ததையும் படித்ததையும் சேர்த்து நம் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

அப்போது மும்பையில் தட்டம்மை, அதாவது நம் ஊர் மணல்வாரி அம்மை, பரவிக்கொண்டிருந்தது. கோவண்டிப் பகுதியில் குழந்தைகள் இறந்தும் போயின. என் கடைக்கு எதிரே எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தில் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குடும்பங்கள் கம்பி கட்டும் வேலை செய்தன. அதில் ஒரு பெண், 14 மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு ஓடிவந்தாள். "ஐயா, ஊருலயே எல்லா ஊசியும் போட்டாச்சுங்க. சொன்னா அவங்களுக்குப் புரியலை. கொஞ்சம் வந்து சொல்லுங்க" என்றாள்.

பக்கத்துத் தெருவில் தடுப்பூசி முகாம். செவிலியர் கையில் குழந்தையின் அட்டை இருந்தது. முழுக்கத் தமிழ். அவர் மராத்தியில், "காகா, இதில் ஒன்றும் தெரியவில்லை. எதுவும் போடாத குழந்தை என்று எழுதி முதலிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று பார்க்கிறேன்" என்றார். அட்டையை வாங்கிப் படித்தேன். 14 ஆவது வாரம் வரை எல்லாக் கட்டத்திலும் தேதி இருந்தது. 9 ஆவது மாதக் கட்டம் காலி. குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது இவர்கள் ரயில் ஏறிவிட்டார்கள். 9 ஆவது மாதத்தில் போடுவதுதான் தட்டம்மை - ரூபெல்லா முதல் ஊசி!

தாய் எல்லாம் போட்டாயிற்று என்கிறாள். செவிலியர் ஒன்றுமே போடவில்லை என்று நினைக்கிறார். இருவர் மேலும் குற்றமில்லை. உண்மை அட்டையில் இருந்தது, படிக்கத்தான் ஆள் இல்லை. அன்றே அந்த ஊசி போடப்பட்டது.

இதில் நாம் அறியவேண்டியவை சில உண்டு. அரசு தடுப்பூசி அட்டவணை நாடு முழுவதற்கும் பெரும்பாலும் ஒன்றே: பிறந்தவுடன், 6, 10, 14 ஆவது வாரங்கள், 9 ஆவது மாதம், 16 முதல் 24 மாதத்துக்குள், பிறகு 5 முதல் 6 வயதுக்குள். ஆகவே ஊரில் தொடங்கியதை இங்கே தொடரலாம். இடையில் சில மாதம் விட்டுப்போனாலும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். தட்டம்மை ஊசி தவறியிருந்தால் 5 வயது வரை போட்டுக்கொள்ளலாம். 'யூ-வின்' என்ற கணினிப் பதிவும் இப்போது வந்திருக்கிறது. அதைக் கைப்பேசி எண்ணைக் கொண்டு தேடுகிறார்கள். நம் தொழிலாளிகளோ ஊர் மாறினால் சிம்மையும் மாற்றிவிடுகிறார்கள். எனவே காகித அட்டைதான் இன்னும் முதல் சாட்சி.

ஊசி ஒரு பகுதிதான். கட்டட வேலைக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? தண்ணீர் டிரம்மில் நிற்கிறது. தாய் வேலைக்குப் போவதால் தாய்ப்பால் குறைகிறது. பார்த்துக்கொள்வது ஏழு வயது அக்கா. மருத்துவர் உப்பு - சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் 14 நாள் துத்தநாக மாத்திரையும் கொடுக்கிறார். மொழி புரியாத தாய், போக்கு நின்ற மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடுகிறாள். மருந்தில் குறையில்லை, சொல் போய்ச் சேரவில்லை.

இளைப்பைக் கண்டுபிடிக்க அங்கன்வாடியில் ஒரு நாடா வைத்திருக்கிறார்கள். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, உடனே சிகிச்சை வேண்டும். ஊர் அங்கன்வாடியில் பதிந்த பெயரை 'போஷன் டிராக்கர்' வழியாக இங்கே மாற்றிக்கொள்ளலாம். இது தெரியாமலே பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

இது இன்று நேற்று வந்த சங்கதி அல்ல. 1969 இலேயே டெல்லியில் கட்டுமானத் தளத்துக் குழந்தைகளைப் பார்த்து மனம் பொறாத மீரா மகாதேவன் 'மொபைல் கிரெஷஸ்' அமைப்பைத் தொடங்கினார். அவ்வளவு பெரிய காரியம் நம்மால் ஆகாமல் போகலாம். ஆனால் இரண்டு மொழி நம் வீட்டில் இருக்கிறதே! உங்கள் தெருவில் தமிழ்த் தொழிலாளிகள் இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: அட்டை இருக்கிறதா? குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அடுத்து எந்த ஊருக்குப் போகிறீர்கள்? தேவைப்பட்டால் அரை மணி நேரம் கூடப் போய்வாருங்கள். பள்ளியில் மராத்தி படிக்கும் நம் பேரப்பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.

எங்கள் சமண நூல்கள் தானத்தை உணவு, மருந்து, கல்வி, அபயம் என நான்காகச் சொல்லும். ஒரு அட்டையைப் படித்துச் சொல்வது இதில் எதில் சேரும் என்று யோசித்துப் பார்த்தேன். நான்கிலும் கொஞ்சம் கொஞ்சம் சேரும் போலிருக்கிறது.

செவிலியர் அன்று போட்ட ஊசியை அட்டையில் மராத்தியில் எழுதினார். அவர் அனுமதியோடு அதன் கீழே தமிழிலும் நான் எழுதிக் கொடுத்தேன். அந்தக் குடும்பம் என்றாவது ஊர் திரும்பும். அங்கே இருக்கும் செவிலியருக்கு மராத்தி தெரியாதல்லவா?